பகலில் போட்ட பாஸ்கா

அந்த வருஷம் பாஸ்கா நாடகத்தைப் பகலில்தான் போட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஆறு மணிக்கு முள்வேலிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு மேல் லயத்து வாசலில் நின்றால்கூட விசாரணை வரும்.

ஆத்தோரத் தோட்டத்து வேதக்காரக் குடும்பங்கள் உலகச் சண்டைக்கு முன்பிருந்தே பெரிய வெள்ளிக்கிழமை இரவில் சேசுநாதரின் பாடுகளை நாடகமாகப் போட்டு வந்தன. ஜப்பான்காரன் காலத்தில் மட்டும் நின்றுபோயிருந்தது. இப்போது காட்டுக்குள் வெள்ளைக்காரனை எதிர்க்கும் கொரில்லாக்கள், காட்டுக்கு வெளியே அவன் பட்டாளம். தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்ளுக்கம்பி போட்டுவிட்டார்கள். இந்த நிலைமையில் நாடகம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி டக்ளஸ் விடவில்லை. அவர் தோட்டத்துத் துரையிடம் பேசி, துரை போலீசிடம் பேசி, பகல் ஒரு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ரோமைச் சேவகர்களுக்கு ஈட்டி, வாள் எதுவும் கூடாது. தக்கையில் செய்ததாக இருந்தாலும் கூடாது.

நாடகத்துக்கு வாத்தியார் டக்ளஸ்தான். யார் எங்கே நிற்பது, எப்போது விழுவது, எப்போது அழுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மேடைக்குப் பின்னால் நடப்பது மூன்று பேர் கையில் இருந்தது. உடுப்பும் அரிதாரமும் ஜெனவீவ். திரைக் கயிறு செல்லன். வசனம் மறந்தவர்களுக்குப் படுதாவின் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பவன் ஜெனவீவின் தம்பி லியோனார்ட்.

ஜெனவீவ் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்குகிறவள். அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான், அவர் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. அக்காளும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அடுத்த வீட்டில் செல்லனும் அவன் மனைவி காளியம்மாவும் நாலு பிள்ளைகளும். செல்லன் வேதக்காரன் இல்லை. வேலிக்கு வெளியே இருந்த புகைக் கொட்டகையில் உறைந்த ரப்பர்பால் சீட்டுகளைத் தொங்கவிட்டு, அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பல வருஷங்களுக்கு முன் நாடகம் பார்க்க வந்தவன், திரை பாதியில் சிக்கி நின்றபோது தூணில் ஏறிக் கயிற்றை எடுத்துவிட்டான். அன்றிலிருந்து கயிறு அவனிடமே நின்றுவிட்டது.

"எந்தச் சாமியா இருந்தா என்னா, திரை நேரத்துக்கு விழணும்லா" என்பான்.

பகல் நாடகம் என்றதும் பின்பக்கத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. சேசுநாதர் உயிர் விடும்போது உலகம் இருண்டுபோக வேண்டும். இரவில் அது சுலபம். பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் மேல் தகர டின்னைக் கவிழ்த்தால் போதும். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? மூன்று பேரும் நாடகம் போடும் பள்ளிக்கூடக் கொட்டகையின் பின்னால் உட்கார்ந்து அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். ஜெனவீவ்தான் சொன்னாள்: கோலா சிலாங்கூர் மஸ்தான் நானா கடையிலிருந்து கறுப்புத் துணியை இரவல் வாங்கிவந்து, மேடையின் மூன்று பக்கமும் கூரையோடு சுருட்டிக் கட்டிவிடலாம். நேரம் வரும்போது கட்டை அவிழ்த்தால் மொத்தமும் விழுந்து, முன்பக்கம் தவிர மேடையை மூடி இருட்டாக்கிவிடும்.

"எல்லாம் ஒரே சமயத்துல விழணும்" என்றான் லியோனார்ட். "ஒண்ணு விழுந்து ஒண்ணு தொங்கினா ஜனங்க சிரிச்சுடுவாங்க."

"விழ வெக்கிறது என் பாடு. நீ தலையாட்டு, நான் விடுறேன்" என்றான் செல்லன்.

அவர்கள் வழக்கம் அதுதான். லியோனார்ட் வசனத்தைப் பார்த்துக்கொண்டே தலையை அசைப்பான். செல்லன் கயிற்றை விடுவான்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போனவர்களை வேலைக்கு அனுப்பவில்லை. களத்தைச் சுற்றிப் பட்டாளத்து ஆட்கள் நின்றார்கள். எல்லோரையும் தரையில் குந்தச் சொன்னார்கள். பிறகு ஒரு லோரி வந்து நின்றது. முன் இருக்கையில், அதிகாரிக்குப் பக்கத்தில், தலையிலிருந்து தோள்வரை சாக்கால் மூடிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள்.

இதைப் பற்றி மற்ற தோட்டங்களிலிருந்து கேள்விப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து லோரியைக் கடந்து போக வேண்டும். முகமூடிக்காரன் சும்மா இருந்தால் பிழைத்தோம். தலையாட்டினால் தனியே நிறுத்திக் கொண்டுபோய்விடுவார்கள்.

வரிசை நகர்ந்தது. ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சாக்குத்தலை அசையவில்லை. ஜெனவீவின் முறை வந்தது. முக்காட்டை எடுத்துவிட்டு நிற்கச் சொன்னார்கள். நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். சாக்கின் நிறம் அவளுக்குத் தெரிந்த நிறமாக இருந்தது. பாக்காவ் மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சித் தோய்த்த செம்பழுப்பு. இடது காதுப் பக்கம் தையல் விட்டுப்போன இடத்தில், நீல நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது.

பரபாஸ் என்ற கொள்ளைக்காரன் வேஷத்துக்காக அவள் மாவுச் சாக்கில் தைத்த தலைமூடி அது. போன வருஷம் கிழிந்தபோது வேறு நூல் இல்லாமல், தேவமாதாவின் முக்காட்டுக்கு வாங்கியதில் மீந்த நீல நூலைப் போட்டாள்.

"போ, போ" என்று ஒரு சிப்பாய் அவள் தோளைத் தள்ளினான்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. லோரியைக் கடந்து போய் மறுபக்கம் நின்றாள். அவளுக்குப் பின்னால் சிலர் கடந்துபோன பிறகு லியோனார்ட் வந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். லோரியில் இருந்த அதிகாரி முகமூடிக்காரன் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். சாக்குத்தலை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு தடவை முன்னால் குனிந்து நிமிர்ந்தது.

லியோனார்டின் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்தார்கள். அவன் நம்பாதவன்போல் லோரியைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் அக்காளைத் தேடிக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொன்னான்: "அக்கா, கஞ்சிய மூடி வெக்கல. பூனை வரும், பாத்துக்க."

அன்று பக்கத்து லயத்திலிருந்து, ஓடப் பார்த்த ஒருவனையும் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் ஜெனவீவ் புகைக் கொட்டகைக்குப் போனாள். நாடகச் சாமான் பெட்டி அங்கேதான் இருந்தது. புகை பட்டால் துணியில் பூச்சி அரிக்காது என்று செல்லன் சொல்லி, அவன் பொறுப்பிலேயே விட்டிருந்தார்கள். சாவியும் அவனிடம்தான். காலையில் அவன் பிரட்டுக் களத்தில் இல்லை. நெருப்பைப் பார்க்கிறவர்கள் பிரட்டுக்கு வருவதில்லை. அதனால் யாரும் அவனைத் தேடவும் இல்லை.

"உடுப்பெல்லாம் காயப் போடணும், சாவி குடுங்கண்ணே" என்றாள். அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டான். லியோனார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெட்டியில் பரபாஸின் அங்கி இருந்தது. தலைமூடி இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, பெட்டியின் அடிப்பலகை தெரியும்வரை பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி மடித்து வைத்துப் பூட்டினாள்.

லயத்தில் எல்லோருக்கும் அதே பேச்சுதான். முகமூடிக்காரன் யார்? வெளியூர் ஆள் என்றார்கள். நம் தோட்டத்தில் ஆறு மாசம் வேலை செய்துவிட்டு ஓடியவன் என்றார்கள்.

"எவன்னு மட்டும் தெரியட்டும்" என்றார் ஆட்களை வேலை வாங்கும் நல்லசாமி மண்டோர். "நாம ஒண்ணும் செய்ய வேணாம். காட்டுக்குச் சேதி போனாப் போதும். ராசா ஊர்ப் பக்கம் ஒருத்தன் பொணத்த ஆத்துலேந்து எடுத்தாங்களே, மறந்துட்டீங்களா?"

ஜெனவீவ் மறக்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் காளியம்மா கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படுபாவி, எந்த வயித்துல பொறந்தானோ" என்றாள் காளியம்மா. "நீ அழுதுடு ஜெனவீவு. இப்படி வாய மூடிக்கிட்டு இருக்காத. நம்ம வீட்டுலயும் அப்படித்தான். இவரு சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்தே இருக்காரு. தம்பி மாதிரி பழகுன பையன்லா."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஜெனவீவ் பஸ் ஏறிக் கோலா சிலாங்கூருக்குப் போனாள். துணி வாங்க வேண்டும் என்று பாஸ் எழுதி வாங்கியிருந்தாள். தம்பியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. மஸ்தான் நானாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. ஆற்றோரத்தில் முன்பக்கம் துணிக்கடையும் பின்பக்கம் சாப்பாட்டுக்கடையுமாக வைத்திருந்தார் அவர். லோரிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள்.

மஸ்தான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் மச்சான் மஜீது கைதி கேம்புக்கெல்லாம் காய்கறி ஏத்திக்கிட்டுப் போறான். ஒங்க தம்பியப் பாத்திருக்கான். உசிரோட இருக்காரு, நடக்குறாரு. அதுக்கு மேல கேக்காதீங்க ஜெனவீவம்மா."

"வெளிய எடுக்க வழி இருக்கா நானா?"

அவர் கறுப்புத் துணியை விரித்து மடித்துக்கொண்டே யோசித்தார். "ஒரே ஒரு ஆள இப்படி விட்டுட்டாங்கன்னு மஜீது சொன்னான். காட்டிக் குடுத்தவனே வந்து, நான் சொன்னது தப்பு, இவரு இல்லன்னு சொன்னானாம். ஆனா எவன் வந்து சொல்லுவான்? சொன்னா அவனத் தூக்கி உள்ள போட்டுருவாங்க." துணியை அவள் கையில் வைத்தார். "ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க. நாடகம் முடிஞ்சதும் யாரு மூலமாவது அனுப்பிடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் அந்தத் துணி கனத்தது. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நின்றன. ஒரு சொல் போதும். நல்லசாமி காதில் போட்டால் அடுத்த வாரமே முடிந்துவிடும். அப்படி முடிந்தால் லியோனார்டுக்காகப் பேச உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதோடு, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர். இரண்டையும் நினைத்து நினைத்து, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

துணியைக் கட்டும் நாளில் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முன்பக்கம் டக்ளஸ் கூட்டத்துக்குச் சத்தம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் செல்லன் ஏணியில் நின்று கப்பியைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஜெனவீவ் துணியின் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பரபாஸ் தலைமூடியக் காணல" என்றாள்.

ஏணியில் கை நின்றது. "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"நீல நூல் போட்டுத் தச்சது நான்தான். அன்னிக்கு அது ஒங்க எடது காதுக்கிட்ட இருந்துச்சு."

செல்லன் இறங்கினான். கடைசிப் படியில் உட்கார்ந்தான். முன்பக்கம் கூட்டம் ஒரே குரலில் கத்தியது. டக்ளஸ், இன்னும் சத்தமாக என்றார்.

"அடுப்புல போட்டுட்டேன்" என்றான் செல்லன். மிச்சத்தைத் தானாகவே சொன்னான். "காட்டுலேந்து ரெண்டு பேரு கொட்டகைக்கு வந்தாங்க. அரிசி கொண்டாந்து வெய்யி, இல்லாட்டி ஒன் புள்ளைங்க பள்ளிக்கூடம் போயி வராதுன்னாங்க. வெறகு வண்டியில மறைச்சுக் கொண்டுபோனேன். கேட்டுல புடிச்சுட்டாங்க. யாருக்கும் தெரியாமக் கொண்டுபோயி வெச்சு, அரிசி குடுத்ததுக்குத் தூக்குன்னு சொன்னாங்க. இல்லாட்டி மொகத்த மூடிக்கிட்டு லோரியில உக்காரு. மூட எதாச்சும் நீயே கொண்டான்னாங்க."

"என் தம்பி அரிசி குடுத்தானா?"

"இல்ல."

"காட்டுக்காரங்களோட பேசுனானா?"

"இல்ல. முன்னாடி தொழிலாளர் சங்கத்துல இருந்தான், அவ்வளவுதான். அதுவும் தடை பண்றதுக்கு முந்தி." அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "யாருக்குமே தலையாட்டாம இருந்துடலாம்னுதான் போயி உக்காந்தேன் தங்கச்சி. பாதிப் பேரு போயிட்டாங்க. அந்த ஆபீசரு என் வெரலப் புடிச்சு முறுக்குனாரு. இன்னும் ஒண்ணுமில்லன்னா ஒன்னையே எறக்கி நிறுத்துவேன்னாரு. ஒவ்வொரு ஆளா பாக்குறேன். இவனுக்கு மூணு புள்ள. அவன் ஆத்தாக்காரி படுத்த படுக்கை. அடுத்தவன் பொஞ்சாதி முழுகாம இருக்கா. அப்ப லியோனார்ட் வந்தான். பொஞ்சாதி இல்ல, புள்ள இல்ல. இவன் போனா நெனச்சு அழ யாரும் இல்லன்னு..."

அவன் நிறுத்திவிட்டான்.

"நான் இல்லையா?" என்றாள் ஜெனவீவ்.

"ஒன்ன நான் நெனைக்கல."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"சத்தியமா நெனைக்கல. கொஞ்சம் முன்னாலதான் நீ நடந்து போன. என் கண்ணாலதான் பாத்தேன். அப்படியும் எப்படி நெனைக்காமப் போனேன்னு தெரியல" என்று சொல்லி அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அவன் அழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எப்போதாவது இருந்தால், அண்ணே என்று பக்கத்தில் போயிருப்பாள். இப்போது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. காட்டிக்கொடுத்ததைவிட அந்த ஒரு வார்த்தை அவளை அதிகமாக அடித்தது. இத்தனை வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும், ஒரே படுதாவின் பின்னால் நின்றும், கணக்குப் பார்க்கும் நேரத்தில் அவள் ஒரு ஆளாகத் தோன்றவில்லை.

"தப்புன்னு போயிச் சொல்லுங்க" என்றாள் கடைசியில். "நீங்க சொன்னா அவன விடுவாங்க."

"என்னைய விடமாட்டாங்க."

"தெரியும்."

"காளியம்மா? புள்ளைங்க?"

"நான் பாத்துக்கறேன்."

செல்லன் தலையை நிமிர்த்தினான். "போகலன்னா நல்லசாமிகிட்ட சொல்லிடுவியா?"

"சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்க போனாலும் சொல்ல மாட்டேன், போகாட்டியும் சொல்ல மாட்டேன். ஒங்க பொணத்த ஆத்துலேந்து எடுக்குறத நான் பாக்க வேணாம். ஆனா இனி ஒங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல. கயித்த இழுன்னு சொல்லுவேன், விடுன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

துணியை எடுத்துக்கொண்டு மேடையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பல நாள் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தார்கள். அவள் ஓரம் அடித்துக் கொடுத்தாள், அவன் கட்டினான். லியோனார்டுக்குப் பதிலாக வசனம் எடுத்துக்கொடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. ஞானோபதேசப் புத்தகம் படிக்கத் தெரிந்தவள் என்பதால் டக்ளஸ் அதையும் அவளிடமே கொடுத்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் வெயில் சுட்டெரித்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பாஸ் வாங்கிக்கொண்டு வேதக்காரர்கள் வந்திருந்தார்கள். வேதக்காரர் அல்லாதவர்களும் வந்திருந்தார்கள். பின்னால், மாமரத்தடியில், ஒரு போலீஸ் வண்டி நின்றது. துப்பாக்கியோடு சிலர் நின்று நாடகம் பார்த்தார்கள். மேடையில் ரோமைச் சேவகர்கள் வெறுங்கையோடு வந்து சேசுநாதரைப் பிடித்தார்கள். ஆயுதம் இல்லாததால், இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் கூட்டத்தில் பேச்சு அடங்கிவிட்டது. பிரட்டுக் களத்தில் அவர்கள் பார்த்ததும் அதுதான்.

யூதாஸ் மனம் நொந்து திரும்பி வரும் கட்டத்தில், அந்த வேஷம் போட்டவருக்கு வசனம் மறந்துவிட்டது. எல்லா வருஷமும் நன்றாகச் சொல்கிறவர்தான். அவர் மேடையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார். படுதாவின் பக்கம் கண்ணைத் திருப்பினார். ஜெனவீவ் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. குற்றமில்லாதவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று யூதாஸ் புலம்பும் அந்த வரிகளை அவள் ஒவ்வொன்றாக, மெதுவாக, படுதாவுக்கு அப்பால் கேட்கும்படி சொன்னாள். ஒரு கை தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செல்லன் நின்றான். அவனைக் குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவன் கயிற்றைப் பிடித்திருந்த கையை மாற்றவே இல்லை.

சிலுவை நிமிர்ந்தது. கடைசி வார்த்தை சொல்லியாயிற்று. இப்போது இருட்டு விழ வேண்டும். செல்லன் அவளைப் பார்த்தான். தலையாட்டினால் விடுவான், அதுதான் அவர்கள் பழக்கம். அவளால் தலையை அசைக்க முடியவில்லை.

"விடுங்க" என்றாள்.

மூன்று பக்கத்துத் துணியும் ஒன்றாக விழுந்தது. ஒரு மடிப்பும் சிக்கவில்லை. வெளியே வெயில் அப்படியே இருக்க, மேடை மட்டும் இருண்டுபோனது. சிலுவையில் தொங்கிய உருவத்தின் வெள்ளை வேட்டி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி ஓவென்று அழுதாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. வருஷா வருஷம் அழுகிறவர்கள்தான், ஆனால் இந்த அழுகை வேறு. சயாமுக்குப் போனவர்கள், லோரியில் ஏற்றப்பட்டவர்கள், காட்டோரத்தில் சுடப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆள் இருந்தான். பெயர் சொல்லியே அழுதார்கள். டக்ளஸ் வாத்தியம் வாசிக்கச் சொல்ல மறந்து நின்றார்.

படுதாவுக்குப் பின்னாலும் இருட்டுதான். அந்த இருட்டில் செல்லன் சொன்னான்: "நாளைக்கு மொத பஸ்ஸுல போறேன் தங்கச்சி."

ஜெனவீவ் வசனத் தாளைப் புரட்டினாள்.

"துணியத் திருப்பிக் குடுக்கப் போறேன்னுதான் வீட்டுல சொல்லுவேன். காளியம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். என்னைய என்னான்னு வேணா நெனச்சுக்க. அவளுக்கு மட்டும் சொல்லிடாத."

வெளியே அழுகை அடங்கவில்லை. துணியைத் தூக்கி, சேசுநாதரைச் சிலுவையிலிருந்து இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"தூக்குங்கண்ணே" என்றாள் ஜெனவீவ்.

அவன் இழுத்தான்.

சனிக்கிழமை காலையில் செல்லன் கறுப்புத் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். துணி மஸ்தான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. செல்லன் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் போலீஸ் வந்து அவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனது. அரிசி கடத்திய குற்றம் என்றார்கள். காளியம்மா வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "துணி குடுக்கப் போன மனுஷன ஏன் புடிச்சாங்க? அவரு யாரு வம்புக்குப் போனாரு?" என்று வந்தவர்களையெல்லாம் கேட்டாள். இவனும் ஒரு அநியாயத்துக்குப் பலியானவன் என்றே தோட்டம் முழுக்க நம்பியது.

ஜெனவீவ் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். ஆள் இல்லாத வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்ற பேச்சு வந்தபோது, டக்ளஸிடம் போய் நின்று காளியம்மாவைப் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்க்க வைத்தாள். காலையில் ஆறு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள். மூத்த பெண்ணுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. கடைசிப் பையன் சிரிக்கும்போது செல்லன் முகம் அப்படியே வரும். அப்போது அவள் பையனை இறக்கிவிட்டு எழுந்துபோய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து தூக்கிக்கொள்வாள்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு லியோனார்ட் வந்தான். வேலிக் கதவருகே ஒரு வண்டி அவனை இறக்கிவிட்டுப் போயிற்று. முன்பற்கள் இரண்டு இல்லை. ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. குளித்தான், சாப்பிட்டான், படுத்துத் தூங்கினான். மறுநாள் சாயங்காலம்தான் பேசினான்.

"செல்லண்ணன அங்க பாத்தேன்."

ஜெனவீவ் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"எங்க ரெண்டு பேரையும் நேருக்கு நேரா நிறுத்துனாங்க. இவன்தான்னு நீ சொன்னியேன்னு கேட்டாங்க. இல்ல, இவரு இல்ல, நான் பொய் சொன்னேன்னாரு. அடிச்சாங்க. மறுபடி கேட்டாங்க. இல்லன்னுதான் சொன்னாரு. எத்தன தடவ அடிச்சாலும் அதையேதான் சொன்னாரு." அவன் அக்காளின் முதுகைப் பார்த்தான். "அப்பதான் அந்த முகமூடி யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பலேந்து?"

"அன்னிக்குச் சாயங்காலத்துலேந்து."

அவன் எழுந்து நின்றான். "தெரிஞ்சுக்கிட்டா அவரு பக்கத்துல நின்னு நாடகம் போட்ட?"

"போட்டேன்."

"எப்படிக்கா முடிஞ்சுது ஒனக்கு?"

லியோனார்ட் பின்பக்கம் போய் விறகு பிளந்தான். தேவைக்கு மேல் பிளந்தான். மழை தூறியும் உள்ளே வரவில்லை.

அந்த நேரத்தில் காளியம்மா கடைசிப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வந்த அன்றே கேட்டால் லியோனார்டுக்கு அசதியாக இருக்கும் என்று ஒரு நாள் பொறுத்திருந்தாள்.

"லியோனார்டு, அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தியாப்பா?"

கோடரி நின்றது. ஜெனவீவ் அடுப்படியை விட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். தம்பி தன்னைப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் பார்க்கவில்லை. காளியம்மாவையும் பார்க்கவில்லை. அவள் இடுப்பில் இருந்த பையனைப் பார்த்தான்.

"பாத்தேன் மதினி" என்றான். "எனக்காகப் பேசுனாரு. அவரு பேசுனதாலதான் என்னைய விட்டாங்க."

காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு பேசுனாரா?"

"பேசுனாரு. அடிச்சும் மாத்திப் பேசல."

"பாத்தியா ஜெனவீவு" என்று காளியம்மா அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். "சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருந்தாரே, அப்பவே நெனச்சேன். ஒன் தம்பிமேல அவருக்கு அவ்வளவு உசிரு."

ஜெனவீவ் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

செல்லனைத் தூக்கில் போடவில்லை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட உத்தரவாயிற்று. காளியம்மாவும் பிள்ளைகளும் தகரப் பெட்டியோடு கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்பட்டபோது ஜெனவீவும் லியோனார்டும் கூடப் போனார்கள். கைதிகளைத் தனியாக ஒரு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். செல்லன் தலை முழுக்க நரைத்திருந்தான். இவர்களைக் கண்டதும் தரையைப் பார்த்துக்கொண்டான்.

கப்பலில் ஏறும் படிக்கட்டில் காளியம்மாவால் பெட்டியையும் பையனையும் சேர்த்துத் தூக்க முடியவில்லை. லியோனார்ட் பையனை வாங்கிக்கொண்டு, காவலரிடம் கேட்டுவிட்டு, செல்லன் நின்ற இடத்துக்கே போனான். பையனை நீட்டினான். செல்லன் இரண்டு கையாலும் வாங்கினான். பையன் புது ஆளைப் பார்த்து அழுதான். அவன் அழுகை அடங்கி, செல்லன் தோளில் தலை சாய்க்கும்வரை லியோனார்ட் அங்கேயே நின்றான். பிறகு திரும்பி வந்தான்.

கப்பல் நகரும்வரை ஜெனவீவ் கையை உயர்த்திக்கொண்டே நின்றாள். யாருக்கென்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். கிள்ளான் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, லியோனார்ட் நன்றாகக் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்தான்.

"பசிக்குதுக்கா" என்றான்.

அவள் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தாள்.